ஜான் ஹாரிசன்: தச்சர், மணியடிப்பவர், பாடகர்குழுத் தலைவர், கடிகாரக்காரர் (நினைவு இழை)

உளிமுனை | மார்ச் 24, காலை 6:40

இன்று மார்ச் 24. ஜான் ஹாரிசன் 1693இல் பிறந்ததும் 1776இல் லண்டனில் இறந்ததும் இதே தேதியில்தான்.

யார்க்‌ஷயரின் ஃபௌல்பி கிராமத்தில் பிறந்தவர். அப்பா தச்சர். குடும்பம் பிறகு லிங்கன்ஷயரில் ஹம்பர் ஆற்றங்கரையிலுள்ள பாரோ என்ற ஊருக்குக் குடிபெயர்ந்தது. மகனும் தச்சராகவே வளர்ந்தார். கடிகாரத் தொழிலை யாரிடமும் கூலிக்கு நின்று கற்கவில்லை. 1713இல், 20 வயதில், முதல் கடிகாரத்தைச் செய்தார். பல்சக்கரம் ஓக், அச்சு பாக்ஸ்வுட், தேவைப்பட்ட இடத்தில் மட்டும் கொஞ்சம் பித்தளையும் எஃகும். தேவாலயத்தில் மணி அடித்தார், மணிகளுக்குச் சுருதி சரிசெய்தார், பாடகர்குழுவை நடத்தினார். கேம்பிரிட்ஜ் பேராசிரியர் சாண்டர்சனின் இயந்திரவியல் உரைகள் கையெழுத்துப் பிரதியாக இரவல் கிடைத்தபோது, படங்கள் உட்பட முழுவதையும் தன் கையால் படியெடுத்து வைத்துக்கொண்டார்.

தீர்க்கரேகைப் பரிசு (கடலில் கப்பல் கிழக்கு மேற்காக எங்கே நிற்கிறது என்று கண்டுபிடிக்க அரசு அறிவித்தது), அதற்காக அவர் செய்த கடல் கடிகாரம் என்று அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் தச்சு வேலையை முதல் பத்தியிலேயே முடித்துவிடுகிறார்கள். அது தவறு என்பது என் கட்சி. கடல் கடிகாரத்துக்கான அடிப்படை எல்லாம் மர வேலையிலிருந்தும் மணிக்கூண்டிலிருந்தும் வந்தது. தெரிந்தவர்கள் எழுதுங்கள், அளவுகளோடு.

கலங்கரை | காலை 7:15

சின்னத் திருத்தம் உளிமுனை சார். இங்கிலாந்து 1752இல்தான் நாட்காட்டியை மாற்றியது. அவர் பிறந்த மார்ச் 24 பழைய கணக்கு. இன்றைய கணக்கில் அது ஏப்ரல் 3, 1693. இறந்த தேதி புதிய கணக்கு. ஏட்டில் இரண்டும் ஒன்றாகத் தெரியும், நாள் கணக்கில் 10 நாள் இடைவெளி உண்டு. நேரத்துக்காகவே வாழ்ந்தவர் என்பதால் சொல்கிறேன்.

உளிமுனை | காலை 7:32

சரிதான், நன்றி. முதல் பதிவை அப்படியே விடுகிறேன், உங்கள் திருத்தம் கீழேயே இருக்கட்டும்.

பட்டறைவாசல் | காலை 8:05

மரச் சக்கரம் எப்படித் தாங்குச்சு? நம்ம ஊர் மரத்துல பல்சக்கரம் வெட்டினா நாலு இடத்துல பல்லு பிஞ்சு போகும். அவர் என்ன பண்ணினார்னு விவரமா சொல்லுங்க அண்ணா.

உளிமுனை | காலை 8:50

இந்தக் கேள்விக்காகத்தான் இழையைத் தொடங்கினேன்.

ஒரே பலகையில் வட்டம் போட்டு, சுற்றிலும் பல் வெட்டினால் என்ன ஆகும்? நார் ஓடுகிற திசையில் நீட்டிக்கொண்டிருக்கும் பற்கள் பலமாக இருக்கும். சக்கரத்தைக் கால் சுற்று திருப்பிப் பாருங்கள், அங்கே நார் பல்லுக்குக் குறுக்கே ஓடும். கட்டைவிரலால் அழுத்தினாலே அந்தப் பல் அடியோடு பெயர்ந்து வரும். ஒவ்வொரு சக்கரத்திலும் எதிரெதிரே இரண்டு இடங்களில் இந்த ஆபத்து தப்பாமல் வரும்.

ஹாரிசன் செய்தது இது. சக்கரத்தின் உடம்பை ஓக் பலகையில் வட்டமாக எடுத்தார். அதன் விளிம்பைச் சுற்றி ஒரு காடி, அதாவது நீளப் பள்ளம், ஓட்டினார். பற்களுக்கான மரத்தைத் தனித் துண்டுகளாக, ஒரு துண்டுக்குச் சில பற்கள் வீதம் எடுத்து, நார் மையத்திலிருந்து வெளியே ஓடும்படி அந்தக் காடிக்குள் இறக்கி ஒட்டினார். இப்போது எந்தப் பல்லை எடுத்தாலும் நார் அதன் நீளவாக்கில்தான் ஓடும். பலவீனமான பல் என்று ஒன்றுகூட இருக்காது.

மரத் தேர்விலும் ஒரு நுணுக்கம் உண்டு. ஓக் மரத்தில் வேகமாக வளர்ந்த மரமே உறுதியானது. மெதுவாக வளர்ந்த ஓக்கில் வளையங்கள் நெருக்கமாக இருக்கும். ஒவ்வொரு வளையத்திலும் வசந்தகாலத்துத் துளைப்பகுதி கட்டாயம் உண்டு என்பதால், வளையம் நெருங்க நெருங்க மரத்தில் துளையின் பங்கு கூடிவிடும். பைன் மரத்துக்கு இந்தக் கணக்கு நேர் எதிர். தேக்கு ஓக்கைப் போல வளையத் துளை மரம்தான் என்பதால் நம் ஆட்களுக்கு இது புரியும்.

இனி ஈரப்பதம். மரம் நீளவாக்கில் ஏறக்குறைய அசையாது. குறுக்கே அசையும். அதிலும் வளையத்தை ஒட்டிய திசையில், ஆரத் திசையைப் போல் சுமார் இரண்டு மடங்கு. ஆகவே மழைக்காலத்தில் வட்டச் சக்கரம் லேசாக முட்டை வடிவம் எடுக்கும். பற்கள் ஓரிடத்தில் இறுகும், இன்னோரிடத்தில் தளரும். பற்களுக்கு இடையே போதிய தளர்வு விடாவிட்டால் அந்த இறுக்கமான இடத்தில் கடிகாரம் நின்றுவிடும். மரக் கடிகாரம் செய்து பார்க்கிறவர்கள் முதலில் மாட்டுவது இங்கேதான்.

பட்டறைவாசல் | காலை 9:20

அருமைங்க. எண்ணெய் போடாம ஓட்டினார்னு கேள்விப்பட்டேன். அது நெசமா?

பெண்டுலம்71 | காலை 10:02

நிஜம்தான். அதற்குச் சாட்சி பிராக்கில்ஸ்பி பூங்கா மாளிகையின் குதிரைலாயக் கோபுரக் கடிகாரம். 1722 வாக்கில் செய்தது, இன்றும் ஓடுகிறது.

அந்தக் காலத்தில் கடிகாரத்துக்குப் போட்டதெல்லாம் கொழுப்பும் தாவர எண்ணெயும். புதிதாக இருக்கும்போது வழுக்கும், சில மாதத்தில் பிசினாகும், குளிரில் இறுகும், புளித்துப் பித்தளையை அரிக்கும். கடிகாரத்தின் வேகம் மாறியதற்குப் பாதிக் காரணம் இதுதான். எல்லோரும் நல்ல எண்ணெய் தேடினார்கள். ஹாரிசன் எண்ணெயே வேண்டாத அமைப்பைத் தேடினார்.

லிக்னம் விட்டே என்றொரு மரம். கரீபியன் பகுதியில் விளைவது. தண்ணீரில் போட்டால் மூழ்கும். உள்ளேயே மெழுகு போன்ற பிசின் ஊறியிருக்கும், உரசும்போது அதுவே வழுக்கும். பின்னாளில் நீராவிக் கப்பல்களின் உந்துவிசிறித் தண்டுக்கே இந்த மரத்தில் பேரிங் போட்டார்கள். ஹாரிசன் அச்சு உட்காரும் இடங்களில் இதை வைத்தார். சிறிய பல்சக்கரத்துக்குப் பதில், இதே மரத்தில் உருளைகள் செய்து பித்தளை ஊசிகளில் கோத்தார். பெரிய சக்கரத்தின் பல் வந்து தொட்டால் உருளை உருளும், தேயாது.

இதைக் கடிகாரக்காரர் யாரும் யோசித்திருக்க மாட்டார். மரத்தைத் தொட்டுப் பழகியவருக்குத்தான் வரும். உளிமுனை சொல்வதில் இந்தப் பாதியை நான் முழுதாக ஏற்கிறேன்.

ஆனால் மணிக்கூண்டு விஷயம் மிகை. மணி அடித்ததால் ஊசல் புரிந்தது என்று சொல்ல ஆதாரம் என்ன?

உளிமுனை | காலை 10:40

அவருடைய ஊசலையே பாருங்கள். லண்டனில் ஜார்ஜ் கிரஹாம் போன்ற பெரிய கைகள் ஊசலைக் கனமாக வைத்து, மிகக் குறுகிய வீச்சில் ஆடவிட்டார்கள். ஹாரிசன் அதற்கு எதிர்ப்பக்கம் போனார். குண்டு இலேசு, வீச்சு அகலம், வேகம் அதிகம். ஊசல் வேகமாக ஆடினால் சக்கரங்களின் சிறுசிறு குறைகள் அதை அசைக்காது என்பது அவர் வாதம்.

இங்கிலாந்துத் தேவாலய மணி நம் கோயில் மணி போல நாவை இழுத்து அடிப்பதல்ல. மணியே ஒரு பெரிய சக்கரத்தில் பூட்டப்பட்டு முழு வட்டம் சுழலும். அரை டன் எடையுள்ள மணியை ஒரு கயிற்றால் ஒருவர் ஆட்டுகிறார். பலத்தால் முடியாது, சரியான கணத்தில் கொடுக்கும் சின்ன இழுப்பால் முடியும். தப்பான கணத்தில் இழுத்தால் எவ்வளவு பலம் போட்டாலும் வீண். சக்கரத்தின் விசையைத் தட்டுத் தட்டாக ஊசலுக்கு விடும் உறுப்பான எஸ்கேப்மென்ட் கொடுக்கும் உந்துதலும் இதே கணக்குதான்.

பெண்டுலம்71 | காலை 11:05

ஒப்புமை அழகாக இருக்கிறது, ஆனாலும் ஆதாரம் ஆகாது. அதே ஊரில் மணி அடித்த மற்றவர்கள் யாரும் கடிகாரம் செய்யவில்லையே. என்னைக் கேட்டால் அவர் சோதித்துப் பார்த்த முறைதான் அவரைத் தனியாக நிறுத்தியது. அதை எழுதுகிறேன்.

கிராமத்தில் இருக்கிறார், ஒப்பிட்டுப் பார்க்க நல்ல கடிகாரம் கிடையாது. வீட்டுச் சன்னல் சட்டத்தின் விளிம்பையும் பக்கத்து வீட்டுப் புகைபோக்கியின் விளிம்பையும் ஒரு நேர்கோடாக வைத்துக்கொண்டார். இரவில் ஒரு நட்சத்திரம் அந்தப் புகைபோக்கிக்குப் பின்னால் மறையும் கணத்தைக் குறித்தார். அதே நட்சத்திரம் மறுநாள் 3 நிமிடம் 56 வினாடி முன்னதாக மறையும். கடிகாரம் அந்த வித்தியாசத்தைக் காட்டுகிறதா என்று பார்த்தால் போதும்.

இதில் தப்பு எங்கே நுழையும் என்றால், சன்னலுக்கும் புகைபோக்கிக்கும் 20 மீட்டர் இடைவெளி என்று வையுங்கள். சட்டம் ஈரத்தில் 1 மி.மீ. நகர்ந்தாலே கணக்கில் சுமார் 0.7 வினாடி பிசகும். ஒரே நாள் அளவை நம்பக் கூடாது. பல வாரம் எடுத்துச் சராசரி பார்க்க வேண்டும். கோளை எடுக்கக் கூடாது, அது நட்சத்திரங்களுக்கு நடுவே நகரும். தினமும் அதே நட்சத்திரத்தையே பார்க்க வேண்டும்.

இப்படித்தான் 1720களின் கடைசியில் தம்பி ஜேம்ஸுடன் சேர்ந்து செய்த நெடுங்கடிகாரங்கள் மாதம் ஒரு வினாடிக்குள் நின்றன. அக்காலத்தின் நல்ல கடிகாரங்கள் பலவும் அதற்குப் பக்கத்தில்கூட வரவில்லை.

புதுக்கை | மதியம் 12:30

ஐயா, வெப்பத்தால் ஊசல் நீளாமல் இருக்க ஒன்பது கம்பி வைத்தார் என்று படித்தேன். ஏன் ஒன்பது? மூன்று போதாதா? கணக்கோடு சொல்லுங்களேன்.

பெண்டுலம்71 | மதியம் 1:45

போட்டுப் பார்ப்போம் தம்பி.

ஒரு வினாடிக்கு ஒருமுறை தட்டும் ஊசலின் நீளம் சுமார் 994 மி.மீ. எஃகு 1 டிகிரிக்கு ஒரு மீட்டரில் 0.0115 மி.மீ. நீளும், பித்தளை 0.019 மி.மீ. வெறும் எஃகுக் கம்பியாக இருந்தால் 1 டிகிரி ஏறும்போது கடிகாரம் நாளுக்கு அரை வினாடி பின்தங்கும். 10 டிகிரி என்றால் 5 வினாடி.

நீங்கள் கேட்ட ஒன்பது கம்பி ஊசலுக்குக் கிரிடிரான் என்று பெயர். அதில் எஃகு கீழ்நோக்கி நீள்கிறது, பித்தளை மேல்நோக்கி நீள்கிறது. இரண்டும் சரிக்குச் சரி ஆனால் குண்டு இருந்த இடத்திலேயே நிற்கும். அதற்கு இரண்டு நிபந்தனை. எஃகின் மொத்தப் பாதையிலிருந்து பித்தளையின் மொத்தப் பாதையைக் கழித்தால் 994 வர வேண்டும். எஃகுப் பாதை × 11.5 = பித்தளைப் பாதை × 19 ஆகவும் இருக்க வேண்டும். தீர்த்தால் பித்தளை சுமார் 1524 மி.மீ., எஃகு சுமார் 2518 மி.மீ.

994 மி.மீ. ஊசலுக்குள் 1524 மி.மீ. பித்தளையை ஒரே துண்டாக அடைக்க முடியாது. இரண்டாக மடித்தால் 762, அது அடங்கும். பித்தளைக்கு இரண்டு அடுக்கு என்றால் எஃகுக்கு மூன்று அடுக்கு. நடு எஃகு தவிர மற்ற ஒவ்வொரு அடுக்கும் இடமும் வலமும் ஜோடியாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சட்டம் ஒரு பக்கம் சாயும். ஆக எஃகு 5, பித்தளை 4, மொத்தம் 9.

பின்னாளில் துத்தநாகம் வைத்துச் செய்தவர்களுக்கு 5 கம்பியே போதுமானதாக இருந்தது. அது எஃகைப் போல் ஏறக்குறைய இரண்டரை மடங்கு நீளும்.

செய்யும்போது கெடுவது மூன்று இடத்தில். எஃகு இழுபடுகிறது, பித்தளை நசுக்கப்படுகிறது. பித்தளைக் கம்பி மெலிந்திருந்தால் வில்லாக வளையும். குறுக்குப் பட்டையின் துளையில் கம்பி இறுக்கமாக இருந்தால் வெப்பத்துக்குச் சீராக நகராமல் சிக்கிச் சிக்கித் தாவும்; கடிகாரம் காரணமில்லாமல் திடீரென்று வேகம் மாறுவது இதனால்தான். மூன்றாவது, உலோகக் கலவை. கையில் இருக்கும் பித்தளை எவ்வளவு நீளும் என்று அளக்காமல் புத்தக எண்ணை நம்பினால் சரியாக வராது. ஹாரிசன் கம்பிகளைத் தானே சூடாக்கிக் குளிரவைத்து அளந்தார். ஒரு கடிகாரத்தைச் சூடான அறையிலும் இன்னொன்றைக் குளிர்ந்த அறையிலும் வைத்து ஒப்பிட்டும் பார்த்தார்.

சுருதிக்கட்டை | மாலை 3:10

மணியின் பக்கமிருந்து கொஞ்சம்.

மணிக்குச் சுருதி கூட்டுவது தம்புரா முறுக்கு ஆணியைத் திருகுவது போன்ற வேலை இல்லை. வெண்கலம் ஏறக்குறைய 77 பங்கு செம்பு, 23 பங்கு தகரம். கண்ணாடி போல வெடிக்கக்கூடியது. அன்று உளியும் சுத்தியலும்தான். உட்புறச் சுவரைச் சுரண்டி மெலிதாக்கினால் சுருதி இறங்கும். வாய் விளிம்பைச் செதுக்கினால் ஏறும். எடுத்ததைத் திரும்ப ஒட்ட முடியாது. மேலும் ஒரு மணிக்குள் பல சுரங்கள் ஒலிக்கின்றன. அதில் ஒன்று சாதாரண காந்தாரம் போல் கேட்கும். ஒன்றைச் சரிசெய்யப் போனால் மற்றது நகரும். இந்த வேலை செய்தவருடைய காது எப்படிப்பட்டது என்று யோசித்துப் பாருங்கள்.

அவர் 1775இல், சாவதற்கு ஓராண்டு முன் வெளியிட்ட புத்தகத்தில் கடிகாரத்தோடு ஒரு சுர அளவுகோலையும் சேர்த்தே எழுதினார். எண்பத்திரண்டு வயதில் இரண்டையும் ஒரே புத்தகத்தில் வைக்கிறார் என்றால், இசை அவருக்குப் பொழுதுபோக்கு இல்லை.

அந்த அளவுகோல் இது. வட்டத்தின் சுற்றளவுக்கும் விட்டத்துக்கும் உள்ள விகிதம் எதுவோ, அதுவே ஒரு ஸ்தாயிக்கும் அந்தர காந்தாரத்துக்கும் உள்ள விகிதம். ஸ்தாயியை 1200 சம பங்காக்கி, ஒரு பங்கை ஒரு சென்ட் என்று கொண்டால், 1200 ÷ பை = 382 சென்ட்.

ஒற்றைத் தந்தியில் வைத்துப் பார்க்கலாம். திறந்த தந்தி 1000 மி.மீ. என்றால் நம் சுத்த விகிதமான 5/4 அந்தர காந்தாரம் 800 மி.மீ.இல் விழும். ஹாரிசனுடையது 802. இன்றைய ஆர்மோனியம், கீபோர்டின் சம அளவு காந்தாரம் 793.7. பஞ்சமம் 666.7இல் இருக்க வேண்டும். ஹாரிசனுக்கு 669.2, கீபோர்டுக்கு 667.4. அதாவது காந்தாரத்தில் அவர் நமக்கு மிக அருகில், பஞ்சமத்தில் கொஞ்சம் தளர்வு.

கலங்கரை | மாலை 3:42

பை வருவதற்குக் காரணம் உண்டா? கேட்பதற்கு எண் ஜோதிடம் போல இருக்கிறதே.

சுருதிக்கட்டை | மாலை 4:20

இயற்பியல் காரணம் கிடையாது. அதை நேராகவே ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எண்ணிலிருந்து மட்டும் அவர் தொடங்கவில்லை. பாடகர்குழுவை நடத்தியவர், ஒற்றைத் தந்தியில் கேட்டு அளந்தவர். அந்த அளவு, அன்று ஐரோப்பாவில் புழங்கிய மீன்டோன் (காந்தாரம் சுத்தமாக வர பஞ்சமத்தைக் கொஞ்சம் குறைப்பது) சுருதி முறைக்குப் பக்கத்திலேயே விழுகிறது. ஆகவே பாடக் கூடியது. குறை என்னவென்றால், இதே பஞ்சமத்தைப் பன்னிரண்டு கட்டைக்கும் அடுக்கினால் கடைசி இணைப்பு 750 சென்ட் வந்து ஊளையிடும். ஆதார சுருதி மாறாமல் பாடுகிறவர்களுக்கு அது தொல்லை இல்லை, கட்டை வாத்தியத்துக்குத் தொல்லை.

பெண்டுலம் சாருக்கு ஒன்று. மணி அடித்ததால் ஊசல் வந்தது என்பதை நானும் சொல்ல மாட்டேன். இரண்டிலும் ஒரே பழக்கம் தெரிகிறது: காதால் கேட்டுக் கையால் கொஞ்சமாக எடுத்து மறுபடி கேட்பது.

பெண்டுலம்71 | மாலை 4:48

அப்படிச் சொன்னால் எனக்கு மறுப்பில்லை.

அகல வீச்சு ஊசலைப் பற்றி விட்டுப்போனது ஒன்று. நூறு நாளில் ஒரு வினாடிக்குள் நிற்கும் கடிகாரம் செய்யலாம் என்று அதே 1775 புத்தகத்தில் எழுதினார். கிழவர் உளறுகிறார் என்று ஒதுக்கினார்கள். நம் காலத்துக் கடிகாரக்காரர் மார்ட்டின் பர்ஜெஸ் ஹாரிசனின் கொள்கைப்படி கட்டத் தொடங்கிய கடிகாரத்தைக் கிரீனிச்சில் முத்திரையிட்ட பெட்டிக்குள் வைத்து 100 நாள் சோதித்து, 2015இல் முடிவை அறிவித்தார்கள். பிசகு 5/8 வினாடி. 240 ஆண்டு கழித்து அவர் சொன்னது நிரூபணமானது. எனக்கு இதைப் படிக்கும்போதெல்லாம் நெஞ்சு நிறைகிறது.

அந்தக் கடிகாரத்திலும் இருப்பது அவருடைய வெட்டுக்கிளி எஸ்கேப்மென்ட்தான். பல்லின் மேல் உரசி வழுக்காது. கொக்கி பல்லைப் பிடித்துக்கொண்டு கூடவே போகும், மறு கொக்கி பிடித்ததும் வெட்டுக்கிளிக் கால் போல் துள்ளி விலகும். வழுக்கல் இல்லாததால் எண்ணெய் வேண்டாம்.

செய்து பார்க்கிறவர்களுக்கு எச்சரிக்கை: சக்கரத்துக்கு வரும் விசை ஒரு கணம் நின்றாலும் இரண்டு கொக்கியும் விலகிவிடும். விசை திரும்ப வந்ததும் சக்கரம் தறிகெட்டுச் சுழன்று கொக்கியை உடைக்கும். சாவி கொடுக்கும்போது கடிகாரத்தை ஓட்டும் எடைக்கல்லின் இழுப்பு நிற்பது இயல்பு என்பதால், ஒவ்வொரு தடவையும் இந்த ஆபத்து. அதற்காகவே அவர் பெரிய சக்கரத்துக்கும் எடைக்கல்லின் கயிறு சுற்றும் உருளைக்கும் இடையே ஒரு ராட்செட்டும் (ஒரு பக்கமாக மட்டும் சுழலும் பல்சக்கரம்) வில்லும் வைத்தார். சாவி கொடுக்கும் சில நிமிடங்களுக்கு அந்த வில் சக்கரத்தைத் தள்ளிக்கொண்டிருக்கும். அந்த ஏற்பாடு பிறகு நல்ல கடிகாரங்களுக்கெல்லாம் பொதுவானது.

புதுக்கை | மாலை 5:30

கடல் கடிகாரங்களையும் சுருக்கமாகச் சொல்லுங்கள்.

கலங்கரை | மாலை 6:25

கப்பல் நிற்கும் இடத்தின் நேரத்தையும் புறப்பட்ட ஊரின் நேரத்தைக் காட்டும் கடிகாரத்தையும் ஒப்பிட்டால் தீர்க்கரேகை தெரியும். பூமி மணிக்கு 15 டிகிரி சுழல்கிறது. 4 நிமிடப் பிசகு என்றால் 1 டிகிரிப் பிசகு. 1714ஆம் ஆண்டுச் சட்டம் தீர்க்கரேகையை அரை டிகிரிக்குள் கண்டுபிடித்தால் 20,000 பவுண்டு என்றது. மேற்கிந்தியத் தீவுக்கு ஆறு வாரப் பயணம். 2 நிமிடத்துக்குள் நிற்க நாளுக்கு 3 வினாடிக்குள் பிசகு இருக்க வேண்டும்.

முதல் கடிகாரம் சுமார் 34 கிலோ. 1736இல் லிஸ்பன் போய்வந்தது. ஊசல் கப்பலில் உதவாது என்பதால், எதிரெதிராக ஆடும் இரண்டு தண்டுகளை இணைத்தார். இரண்டாவதில், கப்பல் திரும்பும்போது அந்தத் தண்டுகளே தடம் மாறுவதைக் கண்டுபிடித்து, கடலுக்கு அனுப்பாமலே கைவிட்டார். மூன்றாவதுக்கு 19 ஆண்டு. அது தோல்வி என்பார்கள். ஆனால் பித்தளைப் பட்டையையும் எஃகுப் பட்டையையும் சேர்த்துத் தறைந்து, வெப்பத்தில் வளையும் ஈருலோகப் பட்டை அதில்தான் பிறந்தது. பழைய இஸ்திரிப்பெட்டித் தெர்மோஸ்டாட்டைத் திறந்தால் அதையே பார்க்கலாம். கூண்டுக்குள் உருளும் பேரிங்கும் அதிலிருந்துதான்.

நான்காவது 1759இல். 13 செ.மீ. விட்டம், 1.45 கிலோ, பெரிய பாக்கெட் கடிகாரம் போல. வினாடிக்கு 5 தட்டு. கப்பலின் ஆட்டம் பல வினாடிக்கு ஒருமுறை வருவது, அது ஊசலுக்குப் பதிலாக இப்படி வேகமாக ஆடும் சமன்சக்கரத்தைத் தொடவில்லை. 1761–62இல் ஜமைக்கா பயணத்துக்கு மகன் வில்லியம் கொண்டுபோனார். கடிகாரம் நாளொன்றுக்கு இவ்வளவு மாறும் என்று முன்பே குறித்த வேகத் திருத்தத்தைக் கழித்துப் பார்த்தால் 81 நாளில் பிசகு 5.1 வினாடி.

பணம் துண்டு துண்டாக வந்தது. 1765இல் 10,000 பவுண்டு என்று முடிவானது, அதுவும் கடிகாரத்தைப் பிரித்துக் காட்டி விளக்கிய பிறகு. 1773இல் நாடாளுமன்றம் 8,750 கொடுத்தபோது அவருக்கு 80 வயது.

பட்டறைவாசல் | இரவு 7:40

அந்தக் கடிகாரமெல்லாம் இப்ப ஓடுதாங்க? நம்ம ஊருக்கு ஏதாச்சும் வந்துச்சா?

கலங்கரை | இரவு 8:15

நான்கும் கிரீனிச்சில் இருக்கின்றன. பச்சைக் களிம்பேறிக் கிடந்தவற்றை ரூபர்ட் கோல்ட் என்ற கடற்படை அதிகாரி 1920 முதல் பல ஆண்டு உழைத்து ஓடவைத்தார். முதல் மூன்றும் ஓடுகின்றன, அவற்றுக்கு எண்ணெய் தேவையில்லை. நான்காவதுக்கு எண்ணெய் வேண்டும், ஓட்டினால் தேயும் என்பதால் நிறுத்தியே வைத்திருக்கிறார்கள்.

இங்கே வந்தது அவர் கைப்படச் செய்ததல்ல. லண்டனின் ஜான் ஷெல்டன் செய்த வானியல் கடிகாரம் ஒன்று சென்னை வானாய்வகத்தில் இருந்து, பிறகு கொடைக்கானல் வானாய்வகத்துக்குப் போனது. கேப்டன் குக்கின் பயணத்துக்குப் போனதும் ஷெல்டன் கடிகாரம்தான். ஷெல்டனின் அந்த வகைக் கடிகாரங்களில் ஊசல் கிரிடிரான். கொடைக்கானல் போகிறவர்கள் கேட்டுப் பாருங்கள். ஊசலைக் காட்டினால் கம்பிகளை எண்ணுங்கள்: நடுவில் ஒரு எஃகு, அதன் இரு பக்கமும் பித்தளை, எஃகு என்று மாறி மாறி வர வேண்டும், வெளி ஓரத்தில் எஃகு.

உளிமுனை | இரவு 8:50

பட்டறைவாசல், பல்துண்டு ஒட்டும் காடிக்கு அளவு கேட்டுத் தனிச்செய்தி அனுப்பியிருந்தீர்கள். காடியின் அகலம் பலகைத் தடிமனில் மூன்றில் ஒரு பங்கு போதும். அதற்கு மேல் போனால் உதட்டுச் சுவர் பிளக்கும். துண்டுகளை ஒட்டிக் காய்ந்த பிறகே பல் வெட்டுங்கள். முன்பே வெட்டிவிட்டு ஒட்டினால் இடைவெளிப் பிசகு சேர்ந்துகொண்டே போய் கடைசிப் பல்லில் வந்து நிற்கும்.